‘பிஹேவியர்’ ஆல்பத்தைக் கேட்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டுக்கு என்னை அழைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் பாப் இசை ஜோடியான பெட் ஷாப் பாய்ஸ் (பாடகர் நீல் டென்னன்ட், கீபோர்டு வாசிக்கும் கிறிஸ் லோ) 1990ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பிஹேவியர்’ ஆல்பத்தை நான் சொல்லித்தான் அந்த வீட்டுத் தம்பி வாங்கியிருந்தார். வீட்டின் பெரிய கூடமான கல்யாணக் கொட்டகையின் இரண்டு மூலைகளிலும் இடுப்பளவு உயர ஸ்பீக்கர்களை நிறுத்தி, நடுவே ஒற்றை நாற்காலியைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே அவர் முகம் வாடிவிட்டது. “அண்ணே, குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரியே இருக்கு. எத்தனை தடவை கேட்டாலும் பாட்டு பிடிபட மாட்டேங்குது. ரெக்கார்டிங்கே இப்படித்தானா?” என்று கேட்டார். ஏறத்தாழ இதே சொற்களை, இதே போன்ற ஒரு கொட்டகையில் நின்றுகொண்டு, 1991இல் நான் என் அம்மானிடம் சொல்லியிருக்கிறேன். அந்தத் தவறு எனக்கு ஒரு நல்ல இசைத்தட்டையும் பதினெட்டு ஆண்டுகளையும் செலவாக்கியது. காரைக்குடியிலும் சுற்றுப்புறத்திலும் இந்த இருவரின் பாட்டுகளைப் புதிதாகக் கேட்கத் தொடங்கும் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக அதே இடத்தில் சறுக்குவதைப் பார்த்த பிறகு, எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

ஊசியைத் துடைக்காமல் தட்டின் மேல் வைப்பது, இடது வலது வயர்களை மாற்றிச் செருகுவது போன்றவற்றை யாரும் சொல்லாமலே ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆட வைக்கும் என்று எதிர்பார்ப்பது

பெட் ஷாப் பாய்ஸ் என்றால் நடன விடுதி இசை என்ற எண்ணத்தோடு வருகிறவர்கள் இந்த ஆல்பத்தில் ஏமாந்து போகிறார்கள். அந்த எண்ணம் முழுக்கத் தவறும் அல்ல. இதற்கு முந்தைய ‘இன்ட்ரோஸ்பெக்டிவ்’ (1988) ஆல்பத்தில் மொத்தம் ஆறே பாட்டுகள். ஒவ்வொன்றும் நடனத் தளத்துக்கென்றே நீட்டி அமைக்கப்பட்டது. அதை முடித்த கையோடு, 1989இல் தங்கள் முதல் இசைப் பயணத்தையும் முடித்துவிட்டு, இருவரும் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போய் இசைத் தயாரிப்பாளர் ஹரால்ட் ஃபால்டர்மேயருடன் உட்கார்ந்தார்கள். அவரிடம் பழைய அனலாக் சிந்தசைசர்கள், அதாவது மின்சுற்றுகளால் ஒலியை உண்டாக்கும் கருவிகள், இருந்தன. அவற்றைக் கையாளத் தெரிந்தவர் என்பதற்காகவே அவரைத் தேடிப் போனார்கள். அந்தக் கருவிகளின் சுருதி கல்லில் பொறித்தது போல அசையாமல் நிற்பதில்லை. ஒரே சுரத்தில் இரண்டு அலைகள் மயிரிழை வித்தியாசத்தில் ஒலிக்கும்போது, தம்புராவின் நடுத் தந்திகள் இரண்டும் சேர்ந்து மெல்ல அலைவதைப் போன்ற ஓர் அசைவு பிறக்கிறது. ஆல்பத்தின் உயிர் அந்த அசைவில் இருக்கிறது. காலைத் தட்டுவதற்காகக் காத்திருப்பவர் காதுக்கு அது எட்டாது. ‘சோ ஹார்ட்’ என்ற ஏழாவது பாட்டில் மட்டும் பழைய வேகம் தலைகாட்டும். அதுவும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருக்கும் இருவரைப் பற்றிய பாட்டு என்பதால், அந்த வேகத்துக்குள் ஒரு களைப்பு உட்கார்ந்திருக்கிறது.

பேஸைக் கூட்டுவது

தாழ்ந்த ஒலிகளான பேஸைக் கூட்டாதீர்கள்.

பெரிய கூடத்தில் வைத்துக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது

இதைச் சற்று நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மற்ற எந்தத் தவறையும் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். இந்தத் தவறு, தன்னைத் தவறு என்றே காட்டிக்கொள்ளாமல், ஆல்பத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

1991இல் என் அம்மான் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது, ஒரு பிளேயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் பத்துப் பன்னிரண்டு இசைத்தட்டுகளும் கொண்டுவந்தார். ‘பிஹேவியர்’ அவற்றுள் ஒன்று. வெளிவந்து ஓராண்டுகூட நிறையவில்லை. அந்நியச் சாமான் என்றால் நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது வீட்டின் வழக்கம், ஆகையால் எல்லாம் கல்யாணக் கொட்டகைக்குப் போயின. நாற்பதடி நீளம், இருபதடிக்கு மேல் உயரம், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்துக் கண்ணாடி போல் மின்னும் சுவர், இரு புறமும் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடிகள், வழுவழுப்பான பர்மா தேக்குத் தூண்கள். கண்ணுக்கு இதைவிட அழகான இடம் கிடையாது. ஆனால் ஒலியை உறிஞ்சிக்கொள்ள அங்கே ஒரு முழம் துணிகூட இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒலி ஒரு நொடியில் சுமார் 343 மீட்டர் போகிறது. நாற்பதடி என்பது 12 மீட்டர்; எதிர்ச் சுவரில் மோதித் திரும்ப 24 மீட்டர், அதாவது ஒரு நொடியில் ஏறத்தாழ நூற்றில் ஏழு பங்கு நேரம். நிமிடத்துக்கு 120 தாளத் தட்டு ஓடும் ஒரு பாட்டில், ஒரு தாளத் தட்டை நான்காகப் பகுத்தால் ஒவ்வொரு பகுதிக்கும் கிடைக்கும் இடைவெளி ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு. முதல் சொட்டு விழுந்து அடுத்த சொட்டு விழுவதற்கு முன்பே சுவரிலிருந்து அதன் நிழல் வந்து நடுவில் உட்கார்ந்துவிடுகிறது. அது ஒரு தடவையோடு நிற்பதுமில்லை. தரை, விதானம், கண்ணாடி என்று மாறி மாறி மோதி, ஓரிரு நொடிகள் வரை கொட்டகைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. நாகசுரமும் தவிலும் அந்தக் கொட்டகைக்கென்றே பிறந்தவை போல் முழங்கும். நீல் டென்னன்டின் குரல் அப்படிப்பட்டதல்ல. அவர் உரக்கப் பாடுகிறவர் அல்லர். பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்கிறவர். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே அவர் விடும் மூச்சில்தான் பொருள் பாதி இருக்கிறது. அந்த மூச்சைக் கொட்டகை விழுங்கிவிட்டது. ஸ்பீக்கர்கள் மூலையில் இருந்ததால் பேஸ் மட்டும் பெருத்து, மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது.

நான் அறையைச் சந்தேகிக்கவில்லை. ஆல்பத்தைத்தான் சந்தேகித்தேன். மியூனிக்கில் பதிவு சரியாக அமையவில்லை என்றும், டென்னன்டின் குரல் தேய்ந்துவிட்டது என்றும் நண்பர்களிடம் ஏழு ஆண்டுகள் அடித்துச் சொன்னேன். 1998இல், வீட்டில் இடம் அடைக்கிறது என்று, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்கும் ஒருவரிடம் மற்றத் தட்டுகளோடு சேர்த்து அதையும் 40 ரூபாய்க்குக் கொடுத்தேன். உறை மடங்காதது, கீறல் இல்லாதது, முதல் பதிப்பு.

2009 ஐப்பசியில் ஒரு மழை இரவு மின்சாரம் நின்றுவிட்டது. வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றில், சீராக வந்த மெத்தைகளும் தலையணைகளும் உத்தரம் வரை அடுக்கியிருந்த இடத்தில், பேட்டரியில் ஓடும் ஒரு டூ-இன்-ஒன்னோடு படுத்திருந்தேன். கையில் அகப்பட்ட கேசட் அந்த ஆல்பம்தான். விற்பதற்கு முன்பு தட்டிலிருந்து வயர் மூலம் நேராகப் பதிவுசெய்து வைத்திருந்தது. நேராகப் பதிவானதால் கொட்டகையின் முழக்கம் அதில் ஏறவில்லை. ‘மை அக்டோபர் சிம்ஃபனி’ தொடங்கியது. அந்தப் பாட்டில் பாலனெஸ்கு குழுவின் நான்கு வில் வாத்தியங்கள் இருக்கின்றன. ஜானி மாரின் கிட்டார் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளில் அன்றைக்குத்தான் அவை தனித்தனியே என் காதில் விழுந்தன. புரட்சிக்குக் காணிக்கையாக்கிய தன் சிம்ஃபனியை இப்போது என்ன செய்வது என்று திகைக்கும் ஒரு சோவியத் இசைஞரின் மனநிலை அந்தப் பாட்டு. சொற்கள் தெளிவாகக் கேட்டபோது, குரல் தேயவில்லை என்பதும், திகைப்பைச் சொல்ல அவர் வேண்டுமென்றே அதைத் தாழ்த்தியிருக்கிறார் என்பதும் புரிந்தன. கைப்பிடி அளவு ஸ்பீக்கர் மெத்தைகளுக்கு நடுவே சொன்னதை, சிங்கப்பூர் ஸ்பீக்கர்கள் கொட்டகையில் சொல்லவில்லை. பிறகு மூன்று ஆண்டுகள் தேடி, அஞ்சல் செலவோடு 3,200 ரூபாய் கொடுத்து அதே முதல் பதிப்பை வாங்கினேன். அதன் உறையில் ஒரு முனை மடங்கியிருக்கிறது. எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

ஆகவே, எந்த அறையாக இருந்தாலும் முதலில் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஓசைக்கு வால் முளைத்தால் அந்த அறை இந்த ஆல்பத்துக்கு ஆகாது. வளவை ஒட்டிய சிறிய அறைக்குப் போய்விடுங்கள். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். அது மேல் ஸ்தாயியை மட்டும்தான் அடக்கும் என்பதால், முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தை இரண்டைச் சாய்த்து வையுங்கள். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து விலக்கி, சுவரிலிருந்து இரண்டடி முன்னால் கொண்டுவந்து, ஆறேழு அடி தூரத்தில் உட்காருங்கள். ஒலி அடங்க வேண்டும் என்று பஞ்சுப் பலகைகளை வாங்கிப் பழைய சுவரில் ஆணியடித்து மாட்டுகிறவர்களையும் பார்த்துவிட்டேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் பூச்சு ஒரு முறை பெயர்ந்தால், அதே மெருகைத் திரும்பக் கொண்டுவரும் கொத்தனார்கள் இன்று மிகச் சிலரே.

முதல் பாட்டைத் தாண்டிப் போவது

‘பீயிங் போரிங்’ ஏறத்தாழ ஏழு நிமிடப் பாட்டு. குரல் வருவதற்கே நேரமாகும். அது இங்கிலாந்தில் தனிப்பாட்டாக வந்தபோது விற்பனைப் பட்டியலில் 20ஆம் இடத்தோடு நின்றது. இன்று அவர்களுடைய மிகச் சிறந்த பாட்டு எது என்று ரசிகர்களைக் கேட்டால் முதலில் வரும் பெயர்களுள் அது ஒன்று. மூன்று சரணங்கள், மூன்று காலங்கள்: பழைய புகைப்படங்களும் விருந்து அழைப்பிதழும் முதலில், எழுபதுகளில் தோளில் பையோடு ஊரைவிட்டு ரயில் ஏறும் இளைஞன் அடுத்து, தொண்ணூறுகளில் நின்றுகொண்டு, உடன் இருந்தவர்களில் யார் யார் இன்று இல்லை என்று எண்ணிப் பார்ப்பது கடைசியில். எய்ட்ஸ் நோயால் இறந்த நண்பர் ஒருவரை நினைத்து டென்னன்ட் எழுதியது. நம் வீடுகளில் விதானத்தை ஒட்டி வரிசையாக மாட்டியிருக்கும் படங்களை அண்ணாந்து பார்த்து, இவர் ரங்கூனுக்குப் போனவர், இவர் பினாங்கிலிருந்து திரும்பாதவர் என்று அப்பத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்த மூன்றாம் சரணத்துக்கு உரை வேண்டியதில்லை. பொறுத்திருந்து கேளுங்கள்.

வரிசையைக் கலைப்பது

பத்துப் பாட்டுகளும் வரிசையோடு அமைந்தவை. வீட்டுக்குள் நடக்கும் அடிதடியைக் காற்றின் மேல் பழிபோட்டு மறைக்கும் ‘ஒன்லி தி விண்ட்’ முடிந்த பிறகுதான் ‘மை அக்டோபர் சிம்ஃபனி’ வர வேண்டும். ஒரு வீட்டின் பொய்க்குப் பிறகு ஒரு நாட்டின் பொய். கடைசிப் பாட்டான ‘ஜெலஸி’ அவர்கள் எண்பதுகளின் தொடக்கத்திலேயே எழுதியது. இரவெல்லாம் வீடு திரும்பாத ஒருவருக்காக விழித்திருக்கும் பாட்டு அது. இசைக்குழு பெருகி எழும் அந்த முடிவு, முன்னால் ஒன்பது பாட்டுகள் அடக்கி வைத்ததை எல்லாம் திறந்துவிடுகிறது. அதைத் தனியே எடுத்துக் கேட்டால் வெறும் ஆரவாரமாகத்தான் தெரியும்.

கிறிஸ் லோ சும்மா நிற்கிறார் என்று நினைப்பது

மேடையில் அசையாமல் நிற்பது அவர் வழக்கம். கட்டடக்கலை படித்தவர், 1981இல் லண்டனில் ஒரு மின்னணுக் கடையில் டென்னன்டைச் சந்தித்த நாள் முதல் பாட்டுகளை இருவருமே சேர்ந்து எழுதி வருகிறார்கள்.

முதல் பதிப்பைத் தேடி அலைவது

நான் அலைந்ததற்குக் காரணம் வேறு. உங்களுக்கு அது தேவையில்லை. 2001இல் வந்த மறுபதிப்பில் இரண்டாவது சிடி ஒன்று உண்டு. ‘மிசரபிலிசம்’ போல ஆல்பத்தில் இடம்பெறாத அக்காலப் பாட்டுகள் அதில் இருக்கின்றன. தனிப்பாட்டுத் தட்டுகளின் பின்பக்கத்தில் வரும் பாட்டுகளை இந்த இருவர் கழிவாகக் கருதியதே இல்லை. 1995இல் ‘ஆல்டர்நேட்டிவ்’ என்று அத்தகைய முப்பது பாட்டுகளைத் தனித் தொகுப்பாகவே வெளியிட்டார்கள்.

இதோடு நிறுத்திக்கொள்வது

‘பிஹேவிய’ரில் மனம் தோய்ந்தவர்கள், அதற்குப் பின் வந்தவற்றை ஒரே மூச்சில் ஒதுக்கிவிடுவதைப் பார்க்கிறேன். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ‘வெரி’ (1993) மேலோட்டமாகக் கொண்டாட்டம் போலத் தோன்றும். இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த அவர்களுடைய ஒரே ஆல்பம் அது. 2024இல் வந்த ‘நான்தலெஸ்’ ஆல்பத்தில், எழுபதை நெருங்கிய வயதில் டென்னன்ட் பாடுவதைக் கேட்கும்போது, மியூனிக்கில் அவர் கற்றுக்கொண்ட தாழ்ந்த குரல் அப்படியே இருக்கிறது. வயலின்களுக்கு நடுவே அதற்கென்று இடம் ஒழித்து வைத்திருக்கிறார்கள். அதையும் சிறிய அறையில்தான் கேட்க வேண்டும்.

கானாடுகாத்தான் தம்பி அன்று மாலையே ஸ்பீக்கர்களை வளவுக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். மெத்தைகளைச் சாய்த்து, கதவைச் சாத்தி, முதல் பாட்டிலிருந்து போட்டோம். மூன்றாம் சரணத்தில் அவர் வாயைத் திறக்கவில்லை. பாட்டு முடிந்ததும் எழுந்து போய் ஒலியை இன்னும் கொஞ்சம் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.