சவுக்கு மரத்தில் ஒரு குண்டாந்தடி: கேம் ஆயுதம் செய்வோருக்கு

ஃபேன்டசி கேம்களின் ஆயுதப் பட்டியலில் 'அயர்ன்வுட்' (இரும்புமரம்) என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். நண்பனின் சின்ன கேம் ஒன்றுக்கு நான் அயர்ன்வுட் குண்டாந்தடி செய்யப் போனபோது, பெயரில் 'அயர்ன்' இருக்கிறதே என்று சாம்பல் நிறம் பூசிப் பளபளப்பையும் ஏற்றிவிட்டேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "டேய், இது என்ன தண்ணி பைப்பா?"

அதனால் பிளெண்டரை (முப்பரிமாண மாடல் செய்யும் மென்பொருள்) திறக்கும் முன் மரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். இரும்புமரம் என்று ஒரே ஒரு மரம் கிடையாது. வெவ்வேறு ஊர்க்காரர்கள் வெவ்வேறு மரங்களுக்கு வைத்த பட்டப்பெயர் அது. கரீபியனின் லிக்னம் வைட்டே பச்சை ஓடிய கருநிறம். தண்ணீரில் போட்டால் மூழ்கும். இலங்கையின் தேசிய மரமான நாகமரம் கருஞ்சிவப்பு. அதன் அறிவியல் பெயரான மெசுவா ஃபெரியாவிலேயே இரும்பு இருக்கிறது, 'ஃபெரியா' என்றால் இரும்பு போன்றது.

குண்டாந்தடி என்றால் என் தேர்வு பசிபிக் தீவுகளின் இரும்புமரம். அது வேறொன்றுமில்லை, நம் கடற்கரையில் வரிசையாக நிற்கும் சவுக்குதான். சாரம் கட்டவும் அடுப்பெரிக்கவும் நாம் வெட்டும் அதே மரத்தில்தான் டோங்காவிலும் ஃபிஜியிலும் போர்த்தடி செதுக்கினார்கள். டோங்கா, சமோவா மொழிகளில் அதன் பெயர் 'தோவா'. வீரன் என்பதற்கும் அதே சொல்தான்.

சரி, வடிவம். ஃபிஜியில் 'உலா' என்றொரு எறிதடி உண்டு. சுமார் 40 செ.மீ. நீளம், ஒரு முனையில் உருண்டைத் தலை. இளமரத்தை வேரோடு பிடுங்கி, வேர் முடிச்சையே தலையாகச் செதுக்குவதும் உண்டு. ஆகவே உருண்டையைச் செய்து குச்சியில் ஒட்டவைத்ததுபோல் மாடல் செய்யாதீர்கள். தண்டு மெல்ல விரிந்து தலைக்குள் கலக்கட்டும். வேர்கள் வெட்டுப்பட்ட இடங்களில் குமிழ்கள் தெரியட்டும். கைப்பிடியில் வளைவு நெளிவாகக் கோடுகள் செதுக்கினால் போதும். நான் முதலில் முள், சங்கிலி எல்லாம் மாட்டினேன், அது வேண்டாத வேலை.

எடையை ஊகிக்காமல் கணக்குப் போட்டுவிடுங்கள். தலையின் விட்டம் 10 செ.மீ. என்றால் கன அளவு 524 கன செ.மீ.; 3 செ.மீ. தடிமனும் 30 செ.மீ. நீளமும் உள்ள பிடி இன்னொரு 212. நன்கு முற்றிய சவுக்கை ஒரு கன செ.மீ.க்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இதையே இரும்பில் வார்த்தால் ஆறு கிலோவை நெருங்கும். இந்த வித்தியாசம் அனிமேஷனில் தெரிய வேண்டும். என் முதல் அனிமேஷனில் வீரன் இரண்டு கையாலும் முக்கித் தூக்கினான். உலாவோ இடுப்பில் செருகிவைத்து ஒற்றைக் கையால் எறிவது.

நிறத்துக்கு ஒரு குறுக்குவழி: விறகுக்கடையில் முற்றிய சவுக்குக்கட்டை ஒன்றை வாங்கி, குறுக்கே அறுத்துப் படம் எடுங்கள். வெளிவட்டம் வெளிறியும் நடுப்பகுதி செம்பழுப்பாகவும் இருக்கும். தேக்கில் பார்ப்பதுபோல் அகலமான வரிகள் வேண்டாம், இழை நெருக்கமானது. மெட்டாலிக், அதாவது உலோகத் தன்மையின் மதிப்பு பூஜ்யம். ரஃப்னஸ், அதாவது சொரசொரப்பு (குறைந்தால் பளபளப்பு கூடும்) தலையில் 0.4, கைபட்டுத் தேய்ந்த பிடியில் 0.25 அளவுக்கு வைத்தேன். காயும்போது வெடிக்கும் மரம் என்பதால் அடிமுனையில் இரண்டு மூன்று மெல்லிய வெடிப்புகளும் போட்டேன். அப்புறம்தான் அது மரமாகத் தெரிந்தது.

கேமில் பெயரை 'தோவா' என்று மாற்றச் சொன்னேன். அயர்ன்வுட் என்றால்தான் ஆட்கள் எடுப்பார்கள் என்று நண்பன் மறுத்துவிட்டான். ஆயுதத்தின் கீழே வரும் விளக்க வரியில் மட்டும் 'தோவா' இருக்கிறது.