வண்டி மாடுகளை இரவில் வெளியிடத்தில் கட்டுவது எப்படி?

வைகாசி விசாகப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு மாட்டு வண்டியில் போக ஆசைப்படும் இளம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மாங்குளம் பக்கத்திலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகப் போனால் ஓர் இரவாவது வழியில் தங்க வேண்டும். கொட்டிலில் சாதுவாக நிற்கிற மாடு தெரியாத இடத்தில் அப்படி நிற்காது. நரி ஊளையிட்டாலும் வெருளும், காற்றில் யானை மணம் வந்தாலும் வெருளும். அப்படி வெருளும்போது அது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளாதபடி கட்டுவதுதான் முக்கியம்.

முதலில் இடம்

பொழுது படுமுன்னரே இடம் பாருங்கள். புதிய யானை இலத்தி, முறிந்த கொப்புகள் கண்டால் தாமதிக்காமல் அடுத்த ஊருக்குப் போய்விடுங்கள். யானை வேலிக் கம்பத்தில் ஒருபோதும் கட்ட வேண்டாம், அது மின்சார வேலி. மிதிவெடி எச்சரிக்கையோடு சிவப்புப் பலகை நிற்கும் காணிக்குள் புல் நன்றாக இருந்தாலும் இறங்கக் கூடாது. தார் வீதியிலிருந்தும் விலகியே தங்குங்கள். இரவில் தார் சூடாக இருப்பதால், அவிழ்ந்த மாடு அதில்தான் போய்ப் படுக்கும்.

கோயில் வீதி நல்ல இடம். கிணறு இருக்கும், வெளிச்சம் இருக்கும், ஆட்களும் இருப்பார்கள். ஆனால் அலரி நிற்கிறதா என்று பாருங்கள். பூவுக்காக வளர்க்கிற அந்தச் செடியின் ஒரு கைப்பிடி இலை போதும், மாடு செத்துப்போகும். காய்ந்த இலையிலும் நஞ்சு குறையாது. அதனால் கூட்டிக் குவித்த சருகுக்குப் பக்கத்திலும் கட்டாதீர்கள். மரவள்ளித் தோட்டத்துக்கும் கிட்ட வேண்டாம்.

தண்ணீர், தீனி

வெயிலில் இழுத்த மாடு ஒரு நாளில் 30, 40 லீற்றர் குடிக்கும். கிணற்றில் அள்ளி வாளியில் வையுங்கள். இருட்டிய பிறகு குளத்துக்கு இறக்க வேண்டாம், முதலை இருக்கும். வைக்கலை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

கயிறு கழுத்தில்தான்

மூக்கில் போட்டிருக்கும் நாணயக் கயிற்றில் இரவு கட்டவே கூடாது. சின்ன வயதில் நான் அப்படிக் கட்டிவிட்டேன். நடுச்சாமத்தில் எதையோ கண்டு மாடு தலையை இழுத்ததில் மூக்குக் கிழிந்து, விடியும்போது முகம் வீங்கியிருந்தது. அப்பு உப்புத் தண்ணீரால் கழுவிவிட்டார். அன்றைக்கு வண்டி பூட்ட முடியவில்லை. அந்த மாடு அதன் பிறகு நான் கிட்டப் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இன்றைக்கு நினைத்தாலும் மனம் வலிக்கிறது.

கழுத்துக்குப் பெருவிரல் தடிப்பான கயிறு வேண்டும். மெல்லிய நைலோன் கயிறு தோலை அறுக்கும். இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு முடிச்சுப் போடாதீர்கள். முடிந்த பிறகு கயிற்றுக்கும் கழுத்துக்கும் இடையில் நாலு விரல் தாராளமாகப் போக வேண்டும்.

கட்டை இறுக்குதல்

மரத்தில் கட்டினால் மாடு அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கயிற்றைக் குறுக்கிக்கொள்ளும், கடைசியில் கழுத்து நெரியும். கட்டைதான் நல்லது. இரண்டரை அடி நீளமான முதிரைக் கட்டை, தலைப்பக்கம் கொண்டை உள்ளதாகப் பாருங்கள். வைகாசி மாதத்து நிலம் கல்லு மாதிரி இருக்கும். அலவாங்கால் குழி குத்தி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போக அடியுங்கள். அடிக்குமுன் ஓர் இரும்பு வளையத்தைக் கட்டையில் போட்டுவிட்டால், மாடு சுற்றும்போது வளையமும் சேர்ந்து சுற்றும். வற்றாப்பளைக்குக் கிட்ட இருக்கும் நந்திக்கடல் களப்புப் பக்கத்து மணலில் கட்டை நிற்காது, அதனால் அங்கே போய்ச்சேருமுன் இறுகிய தரையிலேயே தங்கிவிடுங்கள்.

பலர் வண்டிச் சில்லில் கட்டுவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. மாடு வெருண்டால் வண்டியும் ஆடும், அந்தச் சத்தத்தில் மற்ற மாடும் வெருளும்.

முடிச்சு

கயிற்று நுனியை வளையத்துக்குள்ளால் எடுத்து, மாட்டுப் பக்கம் போகிற கயிற்றின் மேலாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இனி நுனியை முழுதாக நுழைக்காமல், மடித்து, அந்த மடிப்பை மட்டும் சுற்றுக்குள் விட்டு இறுக்குங்கள். சப்பாத்து நாடா முடிகிற மாதிரித்தான். மாடு இழுத்தால் இறுகும், நீங்கள் நுனியை இழுத்தால் ஒரே இழுவையில் அவிழும். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு இருபது தரமாவது பழகுங்கள், இருட்டில் உங்களுக்குக் கைதான் கண்.

கட்டைக்கும் கழுத்துக்கும் இடையில் நாலு முழம் போதும். மாடு படுக்க வேண்டும், எழும்பித் தலையை நிமிர்த்தவும் வேண்டும். நீளம் கூடினால் காலில் சிக்கும். இரண்டு மாடுகளும் ஒன்றையொன்று பார்க்கட்டும், ஆனால் கயிறுகள் முட்டக் கூடாது. இடப்பக்கம் பூட்டுகிறதை இடப்பக்கமே கட்டுங்கள், பழகிய துணை பழகிய பக்கத்தில் நின்றால் அமைதியாக இருக்கும்.

இரவில்

இந்தக் காலத்துச் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். அந்தப் பக்கம் பத்தடி தள்ளிக் காய்ந்த சாணமும் வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டினால் நுளம்பு குறையும். வைக்கலை மற்றப் பக்கம் வையுங்கள். கழுத்தில் மணி கட்டுங்கள், களவுக்கும் அது காவல்.

அசைபோடும் மாட்டின் மணி மெல்ல ஒரே சீராகக் கேட்கும். அது சட்டென்று நின்றால் எழும்புங்கள். இரண்டு மாடும் காதை நிமிர்த்தி ஒரே திசையைப் பார்த்தால் அங்கே ஏதோ இருக்கிறது. ரோச் லைற்றை மாட்டின் முகத்தில் அடிக்காமல் அந்தத் திசைக்கு அடியுங்கள், அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி பக்கத்தில் போங்கள். யானை என்றால் நேரம் கடத்தாமல் முடிச்சுகளை இழுத்து மாடுகளை அவிழ்த்துவிட்டு நீங்களும் விலகுங்கள். மாட்டை விடியப் போய்த் தேடலாம்.

விடிந்ததும் அவிழ்க்குமுன் கழுத்தைத் தடவிப் பாருங்கள். கயிறு பட்ட இடத்தில் மயிர் தேய்ந்திருந்தால் அன்றிரவு அங்கே பழைய சாரத்தைக் கிழித்துச் சுற்றிக் கட்டுங்கள். காலைத் தூக்கி லாடனையும் பார்த்துவிட்டு, தண்ணீர் வைத்துப் பிறகு பூட்டுங்கள்.