ஊற்றுத் தண்ணீரிலிருந்து உலகக் கணக்குக்கு: சேர்வராயன் மலையில் இளைஞர் குழு நடத்தும் முறை

உலக வளர்ச்சிப் பணி என்றால் விமானம் ஏற வேண்டும் என்றுதான் பல கல்லூரிப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 2015 செப்டம்பரில் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 நிலையான வளர்ச்சி இலக்குகளில் ஆறாவது, குடிநீரும் கழிப்பிட வசதியும். ஏற்காட்டின் உட்கிராமத்தில் ஒரு பெண் ஊற்றுக்குப் போய்க் குடத்தோடு திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் அந்த இலக்கின் கணக்கில்தான் வருகிறது. அதை உலகம் அளக்கும் அதே கோலால் அளந்து, கிராம சபையில் வைத்து, வேறு நாட்டில் இதே வேலை செய்யும் குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு உள்ளூர்க் குழு போதும்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வைத்திருக்கும் ஏணியைக் குழுவில் எல்லாரும் முதலில் மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளட்டும். வீட்டு வளாகத்திலேயே, வேண்டிய நேரத்தில், கிருமியும் கேடான ரசாயனமும் இல்லாத தண்ணீர் கிடைத்தால் மேல்படி. குழாய், ஆழ்துளைக் கிணறு, சுவர் கட்டி மூடிய ஊற்று போன்ற பாதுகாக்கப்பட்ட இடத்துக்குப் போய், வரிசையில் நின்று, திரும்பி வர 30 நிமிடத்துக்குள் முடிந்தால் அடிப்படைச் சேவை. முப்பதைத் தாண்டினால் ஒரு படி கீழே. திறந்த ஊற்று அதற்கும் கீழே, ஓடைத் தண்ணீர் கடைசிப் படி. வரிசையில் நிற்கும் நேரத்தைச் சேர்க்க மறப்பதுதான் புதுக் குழுக்கள் அடிக்கடி செய்யும் பிழை. நடை பத்து நிமிடம், வரிசை முக்கால் மணி என்று இருக்கும் ஊர்களை அந்தப் பிழை ஒரு படி மேலே ஏற்றிவிடும்.

ஆள் சேர்ப்பது

12 முதல் 15 பேர் போதும். முப்பது பேரில் தொடங்கினால் மூன்றாவது கூட்டத்தில் எட்டுப் பேர்தான் இருப்பார்கள், அந்த எட்டும் ஒரே தெருவாக இருக்கும். பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். தண்ணீர் எடுப்பவர்களிடம் கேள்வி கேட்கப் போகிறவர்கள் பையன்களாகவே இருந்தால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்ற பதில்தான் கிடைக்கும். மலையில் வேலை என்றால் மூன்றில் ஒரு பங்குப் பேர் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். சேலத்திலிருந்து ஏறி வருகிறவர்கள் மட்டும் உள்ள குழுவை ஊர் விருந்தாளியாகத்தான் பார்க்கும். காலனிக்கு ஒரு கணக்கு, ஊருக்கு ஒரு கணக்கு என்று பிரியாமல் இரண்டு பக்கமும் ஆள் எடுங்கள். யாருடைய குழாயில் யார் தண்ணீர் பிடிக்கலாம் என்ற கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு பக்கத்து ஆட்கள் மட்டும் அளந்த கணக்கில் அது வராது.

புதிதாக மன்றம் பதிவு செய்வதில் ஆரம்பத்திலேயே இறங்க வேண்டாம். கல்லூரியின் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) அணி, இளைஞர் செஞ்சிலுவை, ரோட்டரி சங்கத்தின் இளைஞர் பிரிவான ரோட்டராக்ட், ஒன்றிய அரசின் இளைஞர் அமைப்பான மை பாரத் என்று ஏற்கெனவே உள்ள ஏதாவது ஒரு குடையின் கீழ் ஓராண்டு நடத்துங்கள். என்.எஸ்.எஸ். மாணவருக்கு இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும் ஒரு 7 நாள் முகாமும் தேவை. இந்த வேலை அதில் சரியாகப் பொருந்தும், வருகைப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே வைத்தால். குழு நிலைத்தபின், 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி 7 பேர் சேர்ந்து பதிவு செய்யலாம்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். வீட்டுக்குள் தனியாக யாரும் போகக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்குக் கீழே இறங்குகிறது என்று கேட்டுவிட்டு வேலையைத் திட்டமிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுப் பாதையில் இருட்டிய பிறகு இரு சக்கர வண்டியில் மூன்று பேராக இறங்குவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்.

எப்போது போவது

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். பகலில் வீட்டில் ஆளே இருக்காது, ஞாயிறு காலையில்தான் பேச முடியும். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா வருகிறது. அந்த நாட்களில் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். போகும் முன் ஊர்க்கவுண்டரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஊற்று காட்டுக்குள் இருந்தால் வனத்துறையிடமும் சொல்ல வேண்டும். "சர்வே எடுக்க வந்திருக்கோம்" என்றால் நிலம் அளக்க வந்ததாகத்தான் புரிந்துகொள்வார்கள். "தண்ணி எவ்வளவு வருதுன்னு பார்க்க வந்திருக்கோம்" என்று சொல்லுங்கள்.

அளப்பது

10 லிட்டர் கோடு போட்ட ஒரு வாளி, கைப்பேசியில் நேரமானி, ஒரு நோட்டு. வாளி நிறையும் நேரத்தை மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். 90 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்குச் சுமார் 6.7 லிட்டர், ஒரு நாளைக்கு 9,600 லிட்டர். 30 வீடு, 120 பேர் என்றால், ஒன்றிய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் சொல்லும் ஆளுக்கு 55 லிட்டர் கணக்கில் 6,600 லிட்டர் வேண்டும். ஊற்றில் தேவைக்கு மேலேயே தண்ணீர் இருக்கிறது. ஆனால் காலையும் மாலையுமாக 6 மணி நேரம் மட்டும் பிடித்தால் கைக்கு வருவது 2,400 லிட்டர்தான். மீதி இரவெல்லாம் ஓடிப் போகிறது. அந்த ஊருக்கு வேண்டியது இரவுத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் தொட்டி. புது ஆழ்துளைக் கிணறு கேட்டு மனு எழுதத் தயாராக இருந்த குழு, இந்தக் கணக்கைப் போட்ட பிறகு மனுவையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். அதனால்தான் மனுவுக்கு முன் வாளி. மழைக்குப் பின் எடுத்த அளவை மட்டும் நம்பாதீர்கள், ஏப்ரலில் மறுபடியும் அளக்க வேண்டும்.

கிருமிச் சோதனைக்கு, கெட்ட தண்ணீர் ஊற்றினால் கறுக்கும் எச்.டூ.எஸ். (ஹைட்ரஜன் சல்ஃபைடு) குப்பி எளிது. ஓர் ஊற்றுக்கு இரண்டு குப்பி, ஆறு ஊற்றுக்கு 12, கூடுதலாக இரண்டு. கோட்டளவு தண்ணீர் ஊற்றி, வாயை விரலால் தொடாமல் மூடி வையுங்கள். 48 மணி நேரத்துக்குள் கறுத்தால் அந்தத் தண்ணீரில் மலக் கலப்பு இருக்க வாய்ப்பு உண்டு. இங்கே மலைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு 25 முதல் 35 டிகிரி வரை வெப்பம் வேண்டும். டிசம்பர் குளிரில் ஏற்காட்டிலேயே குப்பியை வைத்தால் கெட்ட தண்ணீரும் கறுக்காமல் நல்லதுபோல் காட்டிவிடும். அன்றே சேலத்துக்குக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். கறுத்த குப்பியில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி வைத்திருந்து, பிறகுதான் அப்புறப்படுத்த வேண்டும். குழாய்த் தண்ணீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்பதைக் குழாயடியிலேயே பார்த்துவிடுங்கள், பாட்டிலில் கொண்டுபோனால் வழியிலேயே குறைந்துவிடும். சமவெளியில் ஆழ்துளைக் கிணறுகளை எடுத்துக்கொண்ட குழுக்கள் ஃபுளோரைடையும் பார்க்க வேண்டும். இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை. குப்பி காட்டியதை முடிவாக அறிவிக்காமல், குடிநீர் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். அவசரத்தில் "விஷத் தண்ணீர்" என்று வாட்ஸ்அப்பில் போட்டால், ஊர் பயந்து ஓடைக்குப் போகும். அது இன்னும் மோசம்.

உட்கிராமங்களில் சிக்னல் நம்பத்தக்கதல்ல. கோபோ போன்ற செயலியில் படிவத்தைச் சேலத்திலேயே இறக்கிக்கொண்டால் இணைப்பு இல்லாமலே நிரப்பலாம். குழந்தைகளின் முகம் படத்தில் வேண்டாம், ஊற்றையும் வாளியையும் எடுத்தால் போதும்.

கணக்கு முடிந்ததும் ஒரே பக்கத்தில் எழுதி முதலில் அந்த ஊரில் படித்துக் காட்டுங்கள். மனுவை ஊர்க்காரர்களே கிராம சபையில் கொடுக்கட்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை சபை கூடும் நாட்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் இந்தப் பேச்சுக்கு அன்று காது கிடைக்கும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்து, நகல் கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டுக் குழுவோடு சேர்வது

ஒப்பிடக் கையில் கணக்கு இருக்கும்போதுதான் இந்தப் பழக்கம் நிலைக்கும். முதல் தொடர்புக்கு இலங்கை மலையகம் மிகப் பொருத்தம். காப்பித் தோட்ட காலத்தில் சேலம் உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து போனவர்களின் வழித்தோன்றல்கள் நுவரெலியா, பதுளை பக்கம் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள். அதே தமிழ், அதே நேரம், அதே மலைச் சரிவு. அங்குள்ள இளைஞர் குழு ஒன்றோடு ஒரே கேள்வித்தாளை வைத்து மாதம் ஒருமுறை பேசுங்கள். ஆங்கிலம் தடுமாறாமல் வந்த பிறகு கென்யாவின் காப்பி மலைகளுக்குப் போகலாம். நமக்கு மாலை 4.30 என்றால் அங்கே 2 மணி. இந்த மலையின் பழங்குடியினருக்கும் மலையாளி என்றுதான் பெயர். ஆங்கிலக் குறிப்பில் "மலையாளி" என்று மட்டும் எழுதினால் கேரளத்தார் என்றே படிப்பார்கள். சேர்வராயன் மலையின் தமிழ் பேசும் பழங்குடியினர் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மலையேற முடியாதவர்களுக்கு ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் இணையவழிப் பணி உண்டு. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தரவு வேலைகளை வீட்டிலிருந்தே செய்யலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. "வெளிநாட்டுத் தன்னார்வலர் இடம்" என்று முன்பணம் கேட்பவர்களை அண்டவிடாதீர்கள்.

பணத்தில்தான் நல்ல குழுக்கள் மாட்டிக்கொள்கின்றன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டிலிருந்து ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. தோழமைக் குழு அன்போடு அனுப்பும் சிறு தொகைக்கும் இது பொருந்தும். பொறுப்பாளரின் சொந்தக் கணக்கில் வாங்கினாலும் தப்பாது. சாதாரணப் பதிவுக்கு மூன்றாண்டுச் செயல்பாடும் அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும், சிறு குழுவுக்கு அது எட்டாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியிருந்தால் ஆகிவிடும். ஆகவே அனுப்புகிறவரின் கடவுச்சீட்டு நகலைக் கேட்டு வாங்கி, ரசீது எண்ணோடு கோப்பில் வையுங்கள்.