ஐஸ்லாந்து போனா பொது நீச்சல் குளத்துல எப்படி குளிக்கணும்

ஐஸ்லாந்து போற எல்லாரும் ப்ளூ லகூன்ங்கிற வெந்நீர்க் குளத்துக்குத்தான் ஓடுறாங்க, ஆனா அந்த நீலத் தண்ணியே பக்கத்துல இருக்கிற ஸ்வார்ட்ஸெங்கி மின் நிலையத்துல இருந்து வெளிய வர்ற தண்ணிதான்னு நிறைய பேருக்குத் தெரியாது. அந்த ஊரை உண்மையா பார்க்கணும்னா உள்ளூர் ஜனங்க போற குளத்துக்குப் போங்க, தலைநகர் ரெய்க்யாவிக்ல லொய்கர்டால்ஸ்லொய்க்ங்கிற குளம்தான் பெருசு. திறந்தவெளிக் குளம், பனி கொட்டினாலும் ஆளுங்க உள்ள ஜாலியா உக்காந்திருப்பாங்க, ஏன்னா பூமிக்கு அடியில இருந்தே தண்ணி சூடா வருது. 1930லயே இந்த வெந்நீரை பைப் போட்டு ஒரு ஸ்கூலுக்கு கொண்டு போயிட்டாங்க, இன்னிக்கு பத்துல ஒன்பது வீட்டைக் குளிருக்கு கதகதப்பா வைக்கிறது இந்த பூமிச் சூடுதான்.

உள்ள நுழையும்போதே ஷூவைக் கழட்டிடுங்க. துணியை லாக்கர்ல வச்சிட்டு டவலை மட்டும் ஷவர் ரூமுக்கு எடுத்துட்டுப் போய் அங்க இருக்கிற தட்டுல வைங்க. அடுத்ததுதான் எல்லாரும் அதிர்ச்சி ஆகுற இடம்: ஒட்டுத்துணி இல்லாம சோப்பு போட்டுக் குளிச்சாதான் குளத்துக்குள்ள விடுவாங்க, நீச்சல் டிரஸ் அதுக்கு அப்புறம்தான். தலை, அக்குள், தொடையிடுக்கு, பாதம்னு எங்கெங்க தேய்க்கணும்னு செவுத்துலயே படம் போட்டு ஒட்டியிருப்பாங்க, ஏமாத்தப் பார்த்தா அங்க நிக்கிற ஊழியர் திருப்பி அனுப்பிடுவார். குளோரின் கம்மியா போடுறதால உடம்பு சுத்தமா இருந்தே ஆகணும், நியாயமான விஷயம்தானே? ஆம்பளைங்களுக்கு பொம்பளைங்களுக்கு தனித்தனி ரூம், யாரும் யாரையும் பார்க்க மாட்டாங்க, கூச்சத்தை விட்டுடுங்க.

நீந்தி முடிச்சதும் வெந்நீர்த் தொட்டிக்கு வாங்க. ஒவ்வொண்ணுலயும் 38, 40, 42 டிகிரின்னு எழுதியிருக்கும், முதல்ல 38ல இறங்குங்க, தலை சுத்துற மாதிரி இருந்தா உடனே வெளிய வந்து தண்ணி குடிங்க. ஊர் அரசியல்ல இருந்து வானிலை வரைக்கும் எல்லாம் இங்கதான் பேசுவாங்க, நீங்களும் பேசலாம், பேரைச் சொல்லியே கூப்பிடுங்க, அங்க ஜனாதிபதியையும் அப்படித்தான் கூப்பிடுறாங்க, குடும்பப் பேருங்கிறதே பெரும்பாலானவங்களுக்குக் கிடையாது, அப்பா பேரோடயோ அம்மா பேரோடயோ மகன், மகள்னு சேர்த்துக்குவாங்க.

நீங்க தங்குற ரூம்ல வெந்நீர்க் குழாயைத் திறந்தா முட்டை நாத்தம் வரும், அது கந்தகம், உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, வெள்ளி மோதிரம் மட்டும் கறுத்துடும், கழட்டி வச்சிடுங்க. குடிக்கிறதுக்கு பச்சத்தண்ணிக் குழாய், கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பிடிச்சா அருமையா இருக்கும், பாட்டில் தண்ணிக்கு காசு கொடுக்காதீங்க.

குளத்துல இருந்து கிளம்பும்போது ஷவர் ரூம்லயே நல்லா துவட்டிட்டுத்தான் லாக்கர் பக்கம் போகணும், சொட்டச் சொட்டப் போய் தரையை ஈரமாக்கினா அங்க யாருக்குமே பிடிக்காது.