அமீன் பிளான்ட்டில் நீராவிச் செலவைக் குறைக்க

கார்பன் டை ஆக்சைடு பிடிக்கும் பிளான்ட் நீராவியை அதிகம் குடிக்கிறதென்றால், "கரைப்பானை (வாயுவைப் பிடிக்கும் அமீன் திரவத்தை) மாற்றிவிடலாமா?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால் அது கடைசி வேலை.

30 சதவீத எம்.இ.ஏ. (மோனோஎத்தனாலமீன்) கரைசலில் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு பிடிக்க, கரைசலை நீராவியால் கொதிக்கவைக்கும் ரீபாய்லருக்கு 3.6 முதல் 4 கிகாஜூல் வரை போகும். அதில் ஏறக்குறைய 1.9 அமீனின் பிடியை விடுவிக்கவே சரியாகிவிடும். அது வேதியியல், பேரம் பேச முடியாது. மிச்சம் கரைசலைச் சூடாக்குவதற்கும், ஸ்டிரிப்பர் (பிடித்த வாயுவைச் சூட்டில் பிரித்தெடுக்கும் கோபுரம்) உச்சி வழியாகத் தப்பும் நீராவிக்கும். கை வைக்க வேண்டியது இங்கேதான்.

முதலில் லோடிங்கை, அதாவது ஒரு மோல் அமீன் எத்தனை மோல் வாயுவைச் சுமக்கிறது என்பதை, அளந்துவிடுங்கள். நான் ஒருமுறை ரிச் (வாயுவைச் சுமந்த கரைசல்) சாம்பிளை, அதைச் சூடேற்றும் வெப்ப எக்ஸ்சேஞ்சருக்கு அப்புறம், கூலர் இல்லாமல், சூடாகவே பிடித்தேன். சோடா மாதிரி பொங்கியது. வாயு தப்பி, 0.48 இருக்க வேண்டிய இடத்தில் 0.39 காட்ட, அப்சார்பரில் (வாயுவைப் பிடிக்கும் கோபுரத்தில்) கோளாறு என்று இரண்டு நாள் அலைந்தேன். அதனால் அப்சார்பர் அடியில், குளிர்ந்த ரிச்சைப் பிடியுங்கள்.

ரிச் 0.48, லீன் (வாயுவை விட்டுவிட்டுத் திரும்பும் கரைசல்) 0.22 என்று வையுங்கள். ஒரு கிலோ கரைசல் ஒரு சுற்றில் சுமார் 56 கிராம் வாயுதான் சுமக்கும். ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 18 டன் கரைசல் சுற்ற வேண்டும்! லீன்-ரிச் எக்ஸ்சேஞ்சரில் வெப்பநிலை இடைவெளி 10 டிகிரியிலிருந்து 5 ஆகக் குறைந்தால், அதிலேயே 0.3 கிகாஜூல் மிச்சம். அழுக்குப் படிந்த தட்டுகளைக் கழுவினாலே பாதி வழி வந்துவிடும்.

அடுத்து லீன் லோடிங். பிடிப்பை 90 சதவீதத்தில் நிறுத்திக்கொண்டு, சுற்றும் அளவையும் நீராவியையும் சேர்த்தே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சில மணி நேரம் பொறுத்து, டன்னுக்கு எவ்வளவு நீராவி என்று குறியுங்கள். லீனில் வாயுவே இல்லாதபடி ரொம்ப வறட்டினால் ஸ்டிரிப்பர் உச்சி சூடேறி நீராவி வெளியேறும். வாயுவை ரொம்ப மிச்சம் விட்டால் பம்ப்தான் ஓடும், கரைசலைச் சூடாக்கும் செலவும் கூடும். நடுவில் நீராவிச் செலவு குறையும் ஒரு பள்ளம் தெரியும், அங்கே நில்லுங்கள்.

உச்சி அப்போதும் சூடாகவே இருந்தால், குளிர்ந்த ரிச்சில் சிறு பங்கை எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமல் நேரே ஸ்டிரிப்பர் தலையில் விடுங்கள். ஏறிவரும் நீராவி அதன்மீது குளிர்ந்து வெப்பத்தைத் திருப்பித் தரும்.

ஸ்டிரிப்பர் அழுத்தத்தைக் கூட்டினாலும் நீராவி குறையும்தான். ஆனால் ரீபாய்லர் 120 டிகிரியைத் தாண்டினால் எம்.இ.ஏ. சிதையத் தொடங்கும், அப்புறம் அமீன் வாங்கியே கை வலிக்கும்.