அமெரிக்க எல்லையில் விரைவு நாடுகடத்தல்: புகலிடம் கோருவோர் செய்ய வேண்டியவை

1996 சட்டப்படி, எல்லையில் பிடிபடுபவரை நீதிபதி முன் நிறுத்தாமலே அதிகாரி திருப்பி அனுப்பலாம். இதைத் தடுக்கும் முதல் வழி வாய்திறந்து சொல்வதுதான்: "ஊருக்குத் திரும்ப எனக்குப் பயம், புகலிடம் வேண்டும்." அதிகாரி கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்; அவர் கேட்காமலே போகலாம்.

பலருடைய வழக்கு கெடுவது முதல் வாக்குமூலத்தில்தான். புரியாத மொழியில் தலையாட்டி, "வேலை தேடி வந்தேன்" என்று எழுதப்பட்ட தாளில் கையெழுத்திட்டால், பின்னால் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வாசித்துக் காட்டிய பிறகே, பிழைகளைத் திருத்தச் சொல்லிக் கையெழுத்திடுங்கள்.

அடுத்தது புகலிட அதிகாரியின் நேர்காணல். அதற்கு முன் சொந்தச் செலவில் வழக்கறிஞரிடம் பேச உரிமை உண்டு. யார் துன்புறுத்தினார்கள், எப்போது, இனமா மதமா அரசியலா காரணம், போலீஸ் ஏன் காக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

மறுத்தால், குடிவரவு நீதிபதியின் மறுஆய்வு வேண்டுமென்று அங்கேயே கேட்டுப் படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள். 7 நாட்களுக்குள் அது முடிய வேண்டும். இதைத் தவறவிடக் கூடாது: 2020-ல் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், இதற்கு மேல் நீதிமன்றம் செல்லும் வழியை உச்ச நீதிமன்றம் பெரிதும் அடைத்துவிட்டது.