செயலியை அப்புறம் பார்க்கலாம், முதலில் கோப்பைத் திறங்கள்

"ஆறு அங்குலக் கருவி ஒன்று வாங்கியிருக்கிறேன், தமிழ்ப் புத்தகம் படிக்க எந்த ஆப் நல்லது?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். அவர்களும் இறக்கிக்கொண்டு போய், இரண்டாம் நாளே "எழுத்தே தெரியலையே" என்று திரும்பி வருவார்கள். கையில் என்ன மாதிரிக் கோப்புகள் இருக்கின்றன என்று பார்க்காமல் செயலியைத் தேர்வது, செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்கிற கதை.

தமிழ் வாசகர் ஒருவரின் போனைத் திறந்தால் பெரும்பாலும் இவைதான் இருக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவிலிருந்தோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்தோ எடுத்த ஸ்கேன் பிடிஎஃப். இலங்கை நூல் என்றால் 'நூலகம்' திட்டத்திலிருந்து வந்தது. 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டத்தின் பழைய இலக்கியக் கோப்புகள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ், விக்கிமூலம் இவற்றிலிருந்து இறக்கிய ஈபப் (திரை அகலத்துக்குத் தக்கபடி வரிகளை அடுக்கித் தரும் மின்னூல் வடிவம்). அமேசானின் கிண்டிலில் காசு கொடுத்து வாங்கியவை. வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய ஊர்பேர் தெரியாத பிடிஎஃப்கள். ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு. ஆப் கடையில் ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் பெரும்பாலோர் ஆங்கில நாவல் வாசகர்கள். 1950களின் மங்கலான ஸ்கேன் பக்கத்தை அந்தச் செயலி எப்படிக் காட்டும் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

ஏ4 பக்கமும் ஆறு அங்குலத் திரையும்

மிகப் பரவலான தவறு இது. ஏ4 அளவில் செய்த பிடிஎஃப்பைச் சின்னத் திரையில் திறந்துவிட்டு, செயலி சரியில்லை என்று அடுத்த செயலிக்குத் தாவுவது. எத்தனை செயலி மாற்றினாலும் கணக்கு மாறாது. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. ஆறு அங்குல மின்னூல் கருவியின் திரை அகலம் ஏறக்குறைய 9 செ.மீ. பக்கம் முழுவதையும் காட்டினால் 12 புள்ளி (பாயின்ட்) எழுத்து 5 புள்ளியாகச் சுருங்கிவிடும். ஆங்கில எழுத்தையாவது கண்ணைச் சுருக்கிப் படிக்கலாம். 'ணை', 'றி', 'ஞூ' போன்றவை அந்த அளவில் வெறும் கறுப்புப் புள்ளிதான்.

இரண்டு காரியம் செய்தால் இதே கோப்பு படிக்கக் கிடைக்கும். முதலில் ஓரங்களை வெட்டுங்கள். இரு பக்கமும் 2.5 செ.மீ. வெற்றிடம் போனால் மீதி 16 செ.மீ.தான், எழுத்து 7 புள்ளியை நெருங்கும். பிறகு கருவியைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள். இப்போது அகலம் 12 செ.மீ., எழுத்து 9 புள்ளி. அரைப் பக்கமாகப் புரட்டிப் படிக்க இது தாராளம். ஆகவே பிடிஎஃப் வாசகர் கேட்க வேண்டிய கேள்வி: இந்தச் செயலி ஓரம் வெட்டுமா? ஒற்றைப்படைப் பக்கத்துக்கும் இரட்டைப்படைப் பக்கத்துக்கும் வேறு வேறாக வெட்டுமா? (ஸ்கேன் நூல்களில் இடம் வலம் மாறி மாறி வரும், அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.) வெட்டிய அளவை அடுத்த முறை திறக்கும்போது நினைவில் வைத்திருக்குமா? இரவு நிறம், பக்கம் புரளும் அசைவு எல்லாம் அப்புறம்.

கேஓரீடர் என்ற திறமூலச் செயலியில் இன்னொரு வசதியும் உண்டு. ஸ்கேன் பக்கத்தைப் படமாகவே வைத்துக்கொண்டு, சொல் சொல்லாக நறுக்கி, திரை அகலத்துக்கு மறுபடி அடுக்கித் தரும். ஆண்ட்ராய்டு, கோபோ, பாக்கெட்புக் கருவிகளில் ஓடும். அதன் மெனுக்களில் முதல் நாள் வழி தப்பத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற தளங்கள் ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குலப் பிடிஎஃப், ஈபப் என்று ஒரே நூலைப் பல வடிவில் தருகின்றன. அப்படித் தந்தும் முதலில் கண்ணில் படும் ஏ4 கோப்பையே இறக்குகிறவர்களை என்ன சொல்வது? ஈபப் இருந்தால் ஈபப்தான். பேச்சே இல்லை.

எழுத்து தமிழ்தானா?

பார்வைக்குத் தமிழாகத் தெரிவதெல்லாம் கணினிக்குத் தமிழ் அல்ல. எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோட் குறியாக்கம் பரவும் முன் செய்த நூல்கள் திஸ்கி, டாப், பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் கிடக்கின்றன. இவற்றை ஈபப்பாக மாற்றலாமே என்று காலிபர் என்ற மின்னூல் மாற்றும் மென்பொருளில் போட்டால் குப்பைதான் வரும். பழியோ பாவம், காலிபருக்கு.

சோதனை சுலபம். பிடிஎஃப்பில் ஒரு சொல்லை அழுத்திப் பிடித்து நகலெடுங்கள். வாட்ஸப்பில் உங்களுக்கே ஒரு செய்தி எழுதுவதுபோல் ஒட்டிப் பாருங்கள். பாமினியில் செய்த நூலாக இருந்தால் 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். அப்படி வந்தால் முதலில் குறியாக்க மாற்றிகளில் ஒன்றில் கொடுத்து யூனிகோட் ஆக்க வேண்டும். சொல்லைத் தொடவே முடியவில்லை என்றால் அது படம். ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றுவது) செய்யாமல் வேறு வழி இல்லை. கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழை ஓரளவு நன்றாகவே பிரித்துத் தரும். 'ர'வும் துணைக்காலும் இடம் மாறிக் கிடக்கும், ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிடுங்கள். சொல் தமிழாகவே வந்து, கொம்பு மட்டும் இடம் மாறியிருந்தால் கோப்பு யூனிகோட்தான். எழுத்தை வடிவமாக வைத்த பிடிஎஃப்பின் வழக்கமான சேட்டை அது. படிக்கத் தடையில்லை, தேடத்தான் முடியாது.

அடுத்தது செயலிக்கான சோதனை. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு கொம்பு என்ற வரிசையில் இருக்கும். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. இன்றைய போன்களில் இது பிரச்சினையே இல்லை. பழைய கருவிகளிலும், மலிவான மின்மை (இ-இங்க்) கருவிகளோடு வரும் சொந்தச் செயலிகளிலும்தான் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்ப் புள்ளி வட்டத்தோடு நிற்கும். 'கொக்கு, மௌனம், ஸ்ரீ, பைங்கிளி' என்று நான்கு சொல்லை ஒரு கோப்பில் எழுதி, வாங்கும் முன்பே திறந்து பார்த்துவிடுங்கள். சில கருவிகளில் புத்தகத்துக்குள் எல்லாம் சரியாக இருக்கும். முகப்புப் பட்டியலில் நூற்பெயர் மட்டும் கட்டம் கட்டமாக வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், உள்ளே உடைந்தால் பொறுக்க முடியாது. தமிழ் எழுத்துருவே இல்லாத கருவி என்றால், கூடுதல் எழுத்துரு சேர்க்க இடம் தரும் செயலியாகப் பார்த்து நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவை அதில் போட்டுவிடலாம்.

தேடல் வேலை செய்யவில்லை என்று செயலியைத் தூக்கி எறியும் முன் ஒன்றைக் கவனியுங்கள். 'மௌனம்' என்பதைப் பலர் ம, கொம்பு, ள என்று மூன்றாகத் தட்டச்சு செய்திருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. 'னம்' என்று பின்பாதியைத் தேடிப் பாருங்கள், மாட்டிக்கொள்ளும்.

அகராதி விஷயத்திலும் இதே கதை. சொல்லைத் தொட்டால் பொருள் வரும் என்ற விளம்பரம் ஆங்கிலத்துக்குச் சரி. நம் அகராதியில் 'வீடு' இருக்கும், 'வீட்டிலிருந்து' இருக்காது. தொட்ட சொல்லை நாமே திருத்தி மறுபடி தேட விடும் செயலி என்றால்தான் அகராதி வசதியால் பயன். மற்றதெல்லாம் அலங்காரம்.

பூட்டும் சாவியும்

கைக்கருவிகளின் காலம் 1990களிலேயே தொடங்கிவிட்டது. 1996இல் வந்த பைலட் 1000 கருவியின் நினைவகம் 128 கிலோபைட். நாட்காட்டி, முகவரி, குறிப்பு எல்லாம் அதற்குள். அதே வரிசையில் அடுத்து வந்த பாம் கருவிகளில் ஆயிரக்கணக்கானோர் நாவல் படித்தார்கள். அவர்களுக்கு நேர்ந்தது நமக்குப் பாடம்.

அன்று இரண்டு வகைக் கோப்புகள் இருந்தன. ஒன்று, பூட்டு (வாங்கியவர் தவிர வேறு யாரும் திறக்காதபடி வைக்கும் தடை) எதுவும் இல்லாத எளிய 'பாம் டாக்' கோப்பு. இன்னொன்று, ஈரீடர் கடையில் வாங்கியது. புத்தகத்தைத் திறக்க வாங்கியவரின் பெயரும் கிரெடிட் கார்டு எண்ணும்தான் சாவி! அந்தக் கடை பீனட் பிரஸ்ஸில் தொடங்கி, பாம், மோட்ரிசிட்டி என்று கைமாறி, 2008இல் ஃபிக்ஷன்வைஸிடம் வந்தது. 2009இல் பார்ன்ஸ் அண்டு நோபிள் ஃபிக்ஷன்வைஸையே வாங்கியது, 2012இல் இழுத்து மூடியது. பூட்டில்லாத டாக் கோப்பையோ இன்றைக்கும் காலிபர் திறந்து ஈபப் ஆக்கித் தருகிறது. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, புத்தகங்களை எடுத்துக்கொண்டது. பணத்தையாவது கொடுத்தார்கள்.

கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பரில் முறையாக வரத் தொடங்கின. வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை; தமிழ் எழுத்தாளருக்கு நாலு காசு போகிற வழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியை 2025 பிப்ரவரி 26இல் எடுத்துவிட்டார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பதிப்பகமே பூட்டில்லாத ஈபப் விற்றால் அதற்கே முதலிடம் கொடுக்கலாம்.

மோபியைப் பற்றி ஒரு வார்த்தை. 2000இல் பிரான்சில் தொடங்கி 2005இல் அமேசான் வாங்கிய மோபிபாக்கெட்டின் வடிவம் அது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்னமும் ஈபப்பை மோபியாக மாற்றிக் கிண்டிலுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். நம் கோப்பைக் கிண்டிலுக்கு அனுப்பும் 'சென்ட் டு கிண்டில்' சேவை 2022இலேயே ஈபப்பை ஏற்கத் தொடங்கிவிட்டது. பிறகு மோபியை ஏற்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

கோடிட்ட வரிகள் எங்கே போகின்றன?

புத்தகத்தைவிட வாசகர் சேர்த்த குறிப்புதான் பல சமயம் விலைமதிப்புள்ளது. நூலை மறுபடி இறக்கிக்கொள்ளலாம், மூன்று மாதம் அடிக்கோடிட்டதை இறக்க முடியாது. பாம் கருவிகளில் எல்லாமே மின்சாரம் இருக்கும்வரைதான். பேட்டரி அடியோடு தீர்ந்தால் நினைவகம் வெற்றாகிவிடும். கணினியோடு ஹாட்சிங்க் செய்து (அதாவது கணினியில் நகல் சேர்த்து) வைத்தவர் தப்பினார். 2004இல் டங்ஸ்டன் டி5 என்ற பாம் கருவி வந்த பிறகுதான் பேட்டரி போனாலும் தகவல் தங்கியது. இன்று பேட்டரியால் ஆபத்தில்லை, போன் மாற்றும்போதுதான் ஆபத்து. புத்தகங்கள் புதுப் போனுக்கு வந்துவிடும், செயலிக்குள் இருந்த குறிப்புகள் வராமல் போகலாம்.

செயலியைப் பழகும் முன் இரண்டு வரியை அடிக்கோடிட்டு, அதை எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். கிண்டில் கருவியில் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற எழுத்துக் கோப்பு தானாகவே சேர்ந்துகொண்டிருக்கும். வாங்கிய நூல்களில் எவ்வளவு நகலெடுக்கலாம் என்பதற்குப் பதிப்பாளர் வரம்பு வைத்திருப்பார். கேஓரீடர் வழக்கமாகக் குறிப்புகளை நூலின் பக்கத்திலேயே தனிக் கோப்புறையில் வைக்கும். வேறு செயலியில் போய் நூற்கோப்பின் பெயரை மாற்றினால் இரண்டுக்கும் உறவு அறுந்துவிடும். ஆகவே கோப்புக்குப் பெயர் வைப்பதை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

நாட்காட்டி, தொடர்பு, குறிப்பேடு இவற்றுக்குத் தனிச் செயலி தேடுகிறவர்களுக்கும் அதே கேள்விதான். நாட்காட்டி ஐசிஎஸ் ஆகவும், தொடர்புகள் விசிஎஃப் ஆகவும் (இரண்டும் பொதுக் கோப்பு வடிவங்கள்), குறிப்புகள் வெறும் எழுத்தாகவும் வெளியே வருமா? வராது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

சில்லறை விஷயங்கள் சில. புத்தகம் படிக்கும் செயலி தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் கேட்டால் உடனே நீக்குங்கள். மின்மைத் திரையில் பக்கம் புரளும் அசைவையும் உருட்டிப் படிப்பதையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எழுத்துக்குப் பின்னால் நிழல் எழுத்து தங்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இருபுறமும் சமன் செய்த வரிகளில் ஆற்றங்கரை அகலத்துக்கு இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் சீராக வையுங்கள். கட்டணப் பதிப்புக்குப் பணம் கட்டுவதாக இருந்தால், உங்களிடம் உள்ளதிலேயே மோசமான ஸ்கேன் நூலை இலவசப் பதிப்பில் ஓர் அத்தியாயம் படித்துவிட்டுக் கட்டுங்கள்.